சிஸ்பிளாட்டின் ஏறும் நாட்களில் மூலிகைக் கஷாயம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள், கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றுகிறார்கள். இந்த மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்று கேட்டதிலிருந்து தூக்கமில்லை. மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் அதைத் தடுக்கும் என்று ஆராய்ச்சியில் வந்திருப்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சிகிச்சை முடியும் வரை கொடுக்காதீர்கள். உறவினர் சொன்ன ஆராய்ச்சிகள் உண்மைதான். ஆனால் அவை எலிகளிடம் செய்தவை. அவை எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொண்டால் நாங்கள் ஏன் தடுக்கிறோம் என்பது புரியும்.

சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இரத்தத்திலிருந்து கழிவை இழுத்து வெளியேற்றுபவை. அதே வழியாக சிஸ்பிளாட்டினையும் இழுத்துக்கொள்வதால், இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக அந்த மருந்து அங்கே சேர்ந்து செல்களைக் கொல்கிறது. ஆய்வுக்கூடத்தில் எலிக்குச் சில நாட்கள் மூலிகைச் சாற்றைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவார்கள். பிறகு சிஸ்பிளாட்டின் ஊசி. நான்கைந்து நாள் கழித்து இரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) பார்த்து, சிறுநீரகத்தை வெட்டி நுண்ணோக்கியில் வைப்பார்கள். சாறு குடித்த எலியின் நுண்குழாய்கள் குறைவாகச் சிதைந்திருக்கும். மூக்கிரட்டை, நெருஞ்சில், மஞ்சள், கருஞ்சீரகம் என்று எத்தனையோ செடிகளில் இந்த முடிவு வந்திருக்கிறது.

பெரும்பாலான இந்த எலிகளுக்குப் புற்றுநோயே கிடையாது. செல்லுக்குள் மருந்து நுழைவதைத் தடுத்தோ, அதன் நச்சுத்தன்மையைத் தணித்தோதான் சாறு கிட்னியைக் காக்கிறது என்றால், கட்டியையும் அது காக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இது வெறும் கற்பனை பயமல்ல. சிஸ்பிளாட்டின் பெறும் குழந்தைகளின் காது கேட்கும் திறனைக் காக்க சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதி கொடுத்தது. அதையே சிஸ்பிளாட்டின் ஏறி முடிந்து 6 மணி நேரம் கழித்துத்தான் ஏற்ற வேண்டும், நோய் உடலில் பரவாத குழந்தைகளுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முந்தைய பரிசோதனை ஒன்றில், நோய் பரவிய குழந்தைகளில் இதைப் பெற்றவர்கள் உயிர்பிழைத்தது குறைவாக இருந்ததுதான் காரணம். நிரூபணமான ஒரு மருந்துக்கே நேரம் பார்க்க வேண்டியிருக்கும்போது, மூன்று வேளைக் கஷாயத்துக்கு யார் நேரம் குறிப்பது?

அளவும் இடிக்கிறது. எலிக்குக் கிலோ எடைக்கு 400 மி.கி. சாறு என்றால், மனிதருக்கு அதை 6.2-ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம். இது பொடியல்ல, வற்றவைத்த சாறு. பத்துப் பங்கு பொடியில் ஒரு பங்கு சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 39 கிராம் பொடி வேண்டும். பல ஆய்வுகளில் சாறு எடுப்பது ஆல்கஹாலில். நம் வீட்டில் கொதிக்கவைப்பது தண்ணீரில். இரண்டிலும் இறங்கும் சத்து ஒன்றல்ல.

கேள்வி: அப்படியானால் கிட்னியைக் காக்க வீட்டில் எதுவுமே செய்ய முடியாதா?
– அதே வாசகி

பதில்: நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சிஸ்பிளாட்டினுக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள், பல இடங்களில் அதோடு மக்னீசியமும் கலப்பார்கள். கிட்னிக்கு உண்மையான கவசம் இதுதான். "நேரமாகிறது, மீதி பாட்டில் வேண்டாம்" என்று பாதியில் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் மூன்று நாள் முக்கியம். இதயக் கோளாறு இல்லையென்றால் தினம் 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், மோர், கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து உள்ளே போகட்டும். தொண்டைப் புண்ணால் விழுங்க முடியாதவருக்கு மணிக்கு ஒரு டம்ளராவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூக்குக் குழாய் போட்டிருந்தால் அதன் வழியே கொடுங்கள். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு நாளில் 2 கிலோ குறைந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போய் சலைன் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "சிறுநீர் நன்றாகத்தானே போகிறது" என்று நினைத்துவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் பாதிப்பில் சிறுநீர் பெரும்பாலும் குறையாது. நுண்குழாய் கெட்டு, நீரைத் திரும்ப உறிஞ்சும் சக்தி போவதால் தெளிவாக, அதிகமாகக்கூடப் போகும். கிரியாட்டினின் ஏறுவது சில நாள் கழித்துத்தான். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் கிரியாட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கெண்டைக்கால் இழுப்பும் விரல் மதமதப்பும் இருந்தால் மக்னீசியம் குறைந்திருக்கலாம்.

கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைகள் கூடவே கூடாது. வலிக்கு எது போடலாம் என்று கீமோ மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவையும் கிட்னியைப் பாதிக்கக்கூடியவை என்பதால், வேறு மருத்துவர் ஜென்டாமைசின், அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதினாலும், சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், "சிஸ்பிளாட்டின் போகிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இளநீர், வாழைத்தண்டுச் சாறு?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் சரியாக இருந்தால் ஓர் இளநீர் தவறில்லை. ஏறிவிட்டிருந்தால் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். புளிச்சக்காய் எனும் பிலிம்பி, நட்சத்திரப்பழம் இவற்றின் சாறு மட்டும் யாருக்குமே வேண்டாம். அவற்றிலுள்ள ஆக்சலேட் படிகமாகிக் கிட்னியை அடைத்துவிடும். கேரளத்தில் பிலிம்பிச் சாறு குடித்தவர்களுக்கு இப்படி ஆனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு எலும்புப் புற்றுநோய். அதிக அளவில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஏற்றப்போகிறார்கள். அதற்கும் இதே கவனம்தானா?
– வாசகர், காரைக்கால்

பதில்: வேறு. இந்த மருந்து அமிலச் சிறுநீரில் கரையாமல் நுண்குழாயில் படிந்துவிடும். அதனால் சோடியம் பைகார்பனேட் ஏற்றி, சிறுநீரின் பி.ஹெச். (அமில-காரத் தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம்) 7-க்குக் கீழே இறங்காமல் பார்ப்பார்கள். சிறுநீரை அமிலமாக்கக்கூடிய வைட்டமின் சி மாத்திரையை நிறுத்துங்கள். வலி மாத்திரையும், 'கேஸ் மாத்திரை' என்று வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோலும் மருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அவற்றைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கீமோ முடிந்து ஆறு மாதம் ஆகிறது. உடல் தேற ஆடுதீண்டாப்பாளை சேர்ந்த சூரணம் கொடுக்கிறார்கள். சாப்பிடலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: கண்டிப்பாகக் கூடாது. ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்து என்கிற ஈசுவரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிட்னியைச் சுருங்கவைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸெல்ஸில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி செயலிழந்தது 1993-இல் வெளிவந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்த இனச் செடி கலந்துவிட்டதுதான் காரணம். பாட்டிலில் எல்லாச் சேர்மானங்களின் பெயரும் எழுதாத சூரணத்தை வாங்காதீர்கள். பெயர் இருந்தால் அந்தப் பாட்டிலையே மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: சமையலில் மஞ்சள், இஞ்சி, மிளகும் நிறுத்த வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். குழம்பிலும் ரசத்திலும் போடும் அளவு உணவுதான். மஞ்சளையும் மிளகையும் செறிவாக்கி மாத்திரையாக விற்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். மிளகிலுள்ள பைப்பரின் மற்ற மருந்துகள் இரத்தத்தில் ஏறும் அளவையே மாற்றக்கூடியது.