வாயைத் திறந்தால் ‘டொக்’!

கேள்வி: கொட்டாவி விட்டாலே வலது காதுக்கு முன்னால் ‘டொக்’கென்று சத்தம் வருகிறது. காலையில் எழுந்ததும் தாடை வலி. தையல் வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆபரேஷன்தான் வழி என்கிறார். பயமாக இருக்கிறது டாக்டர்.
- ஒரு வாசகி, புளியரை

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள் அம்மா. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே உருள்கிறதே, அதுதான் தாடை மூட்டு. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு உண்டு. அது முன்னால் நழுவி, மறுபடி இடத்தில் உட்காரும்போது வருவதுதான் அந்த ‘டொக்’. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு நான் வைத்தியமே பார்ப்பதில்லை.

உங்களுக்குக் காலையில் வலி என்பதால், தூக்கத்தில் பல்லை நெரிக்கிறீர்களோ என்று சந்தேகம். பகலில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது?

சில வாரங்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு வேண்டாம். குழைய வேகவைத்த கப்பைக்கிழங்கு தாராளமாகச் சாப்பிடலாம். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். அப்புறமும் வலித்தால், இரவில் மாட்டிக்கொள்ள உங்கள் பல் அளவுக்கு ஒரு கவசம் செய்து தருவோம். தாடைப் பயிற்சியும் உண்டு. பெரும்பாலானோருக்கு இதுவே போதும், கத்தி வரை போவது அபூர்வம்.

வாய்க்குள் மூன்று விரல் நுழையவில்லை, அல்லது தாடை பூட்டிக்கொண்டது என்றால் தாமதிக்காமல் வந்துவிடுங்கள். பாக்கு போடுகிறவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாக்கினாலும் வாய் இறுகும், அது வேறு நோய்.