ஸ்காபரோவில் மலிவான, அசலான ஆசியச் சாப்பாடு தேடும் தம்பிக்கு

தம்பி, கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் தமிழ்க் கடைகளைத் தவிர வேறெங்கும் சாப்பிடத் துணிவு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கையில் உள்ள காசுக்குள் அசலான சீன, வியட்நாமியச் சாப்பாடு எங்கே கிடைக்கும், எந்தச் செயலியை நம்பலாம், நல்ல பிரியாணி எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள். பிரியாணியைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். செயலியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளில் பல கடைகள் விலையைக் கூட்டியே போடுகின்றன, அதன்மேல் கட்டணமும் சேரும். மலிவு வேண்டுமென்றால் கடைக்கு நேரே போங்கள்.

நான் 1989 டிசம்பரில் வந்தேன். கிடைத்தது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சாப்பாடு தருவதாகச் சொல்லி முதலாளி சம்பளத்தில் கழித்துக்கொள்வார்; தந்ததோ மிஞ்சிப்போன ஆறிய சோறு. அந்த அநியாயம் இன்றும் என் மனதில் ஆறவில்லை. என்னோடு கோப்பை கழுவிய, என்னைவிடப் பத்து வயது மூத்த வியட்நாமியர் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு என்னை ஸ்பாடைனா வீதியிலிருந்த, ஃபோ என்னும் வியட்நாமிய நூடுல்ஸ் சாறு விற்கும் ஒரு சிறிய கடைக்கு அழைத்துப் போனார். மாட்டிறைச்சி அவிந்த சாற்றின் மணமும் மீன்சாற்றின் மணமும் சேர்ந்து வர, நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கோழி போட்ட வேறொரு கிண்ணம் எடுப்பித்து, முளைத்த பயறையும் துளசி போன்ற அந்த இலையையும் எப்போது போடுவது, தேசிக்காயை எப்போது பிழிவது என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் ஏறத்தாழ 60,000 பேரைக் கனடா 1979, 1980 ஆண்டுகளில் ஏற்றது. அவரும் அப்படிப் படகில் தப்பி வந்தவர். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் தமிழ் அகதிகள் 155 பேரைப் பற்றி அவருக்கு அன்று நான் சொன்னேன். அந்த மேசையில்தான் இந்த நாட்டில் எனக்கு முதல் நட்பு கிடைத்தது.

ஆகவே கடையைத் தேடுமுன் ஆட்களைத் தேடுங்கள். எந்த மக்கள் எப்போது எங்கே குடியேறினார்கள் என்று தெரிந்தால் சாப்பாடு எங்கே இருக்கும் என்பதும் தெரியும். 1965இல் திறந்த நகர மண்டபத்துக்காகப் பழைய சைனா ரவுனின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. சீனர்கள் மேற்கே ஸ்பாடைனாவுக்கு நகர்ந்தார்கள், எண்பதுகளில் பலர் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதிக்கும் பிறகு அதற்கு வடக்கே மார்க்கம் நகருக்கும் போனார்கள். அதனால் நீங்கள் நகர மையத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஷெப்பேர்ட், ஃபிஞ்ச், மிட்லண்ட் வீதிகளில் பார்வைக்கு எடுப்பில்லாத பிளாசாக்களுக்குள்தான் நல்ல கடைகள் ஒளிந்திருக்கின்றன. மார்க்கத்தில் 1997இல் திறந்த பசிபிக் மால் என்ற வணிக வளாகத்தின் மேல்தளத்திலும், சீனப் பலசரக்குக் கடைகளில் சுடச்சுட அள்ளிப் பெட்டியில் போட்டுத் தரும் பகுதிகளிலும் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். பல கடைகள் வார நாட்களில் மதியத்துக்கு மட்டும் விலையைக் குறைக்கும். சுவரில் சீன எழுத்தில் ஒட்டியிருக்கும் தாள்களை விட்டுவிடாதீர்கள். அவை என்னவென்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

உறைப்பில்லாமல் உங்களுக்கு இறங்காது என்றால் ஹக்கா கடையில், அதாவது இந்தியச் சீனர்களின் கடையில் தொடங்குங்கள். கல்கத்தாவில் தலைமுறைகளாக வாழ்ந்த சீனர்கள் 1962 இந்திய-சீனப் போருக்குப் பின் சந்தேகத்துக்கு ஆளாகி, ஏராளமானோர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பின்னாளில் இங்கு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் சில்லி சிக்கனையும் கூடவே கொண்டுவந்தார்கள். போரும் முகாமும் கண்ட எங்களுக்கு அந்தச் சாப்பாடு அந்நியமாக இருக்க நியாயமில்லை.

இனி எச்சரிக்கைகள். விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு 13 சதவீத வரியைச் சேர்த்தே உங்கள் காசை எண்ணுங்கள். அட்டை இயந்திரம் 18, 20 சதவீதம் என்று டிப்ஸ் கேட்கும். பல இடங்களில் அது வரி சேர்ந்த தொகைமேல் போடும் கணக்கு. எடுத்துச் செல்லும் பொதிக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறியவருக்குக் கொடுங்கள், அந்த உழைப்பு எனக்குத் தெரியும். சில கடைகள் அட்டையை ஏற்காது, கைக்காசு மட்டுமே வாங்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால், கோழி ஃபோவிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கிறதா என்று கேளுங்கள். மரக்கறி என்று எழுதியிருந்தாலும் மீன்சாறோ சிப்பிச் சாறோ கலந்திருக்கலாம்.

சுத்தத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள். ரொறன்ரோ நகரசபை ஒவ்வொரு கடையையும் சோதித்து வாசலில் தாள் ஒட்டுகிறது: பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் குறை உண்டு, சிவப்பு என்றால் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் பக்கத்துக் கொரியக் கடையின் கதவைத் திறக்காமல் “மணக்கிறது” என்று முகம் சுளிப்பவர்களைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. எங்கள் கருவாட்டுக் குழம்பு மணக்கிறது என்று அடுக்குமாடியில் அயலவர் முறையிட்டதும், கதவிடுக்கில் துணி அடைத்து நாங்கள் சமைத்ததும் அவர்களுக்கும் நடந்ததுதான். என் பிள்ளைகள் கிம்ச்சியையும் கொத்துரொட்டியையும் ஒரே ஆசையோடு உண்டு வளர்ந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த நண்பர் இப்போது மகளோடு வேறு மாகாணத்தில் இருக்கிறார்; நாங்கள் சாப்பிட்ட கடையும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தூரத்தில் அதே மாதிரிக் கடை ஒன்று நிச்சயம் இருக்கும். முதல் தடவை கோழியே கேளுங்கள். சாற்றை முதலில் வெறுமனே இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள், தேசிக்காய் கடைசியில்தான்.