எலும்பின் முதல் படிகம்

கேள்வி: எலும்பில் சுண்ணச்சத்து முதன்முதலில் எங்கே படிகிறது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: குடிநீரிலுள்ள மிகை ஃபுளோரைடு எலும்பைத் தாக்கும் தருமபுரிப் பகுதியிலிருந்து வரும் இக்கேள்வி முக்கியமானது. வளரும் குருத்தெலும்பிலும் புதிய எலும்பிலும், செல்கள் தம் சவ்விலிருந்து சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகளை அரும்பவிடுகின்றன; 1960களின் இறுதியில் ஆண்டர்சன், பொனூச்சி என்னும் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவற்றைக் கண்டறிந்தனர். அனெக்சின் புரதங்கள் கால்சியத்தை ஈர்க்க, பாஸ்ஃபோ-1 என்னும் நொதி பாஸ்பேட்டை விடுவிக்க, இரண்டும் சேர்ந்து பைக்குள்ளேயே முதல் படிகம் உருவாகிறது. சவ்வின் வெளிப்புறத்திலுள்ள அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி, படிக வளர்ச்சியைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டைச் சிதைத்து வழிவிடுவதே இதில் மிகவும் வியப்பளிக்கும் பகுதி என்பேன். அந்நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு எலும்பு உறுதிப்படுவதில்லை. பின்னர் படிகங்கள் சவ்வைத் துளைத்து வெளியேறி, கொலாஜன் என்னும் புரத இழைகளில் பரவுகின்றன. ஃபுளோரைடோ, அப்படிகங்களிலுள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) என்னும் பகுதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.