பனிக்காலத்துத் தண்ணீர்

அன்புள்ள அண்ணைக்கு,

மத்திய ஆசியாவின் தண்ணீர்ச் சண்டை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். உஸ்பெக்கிஸ்தான் காஸை நிறுத்தியதையும் கிர்கிஸ்தான் அணையை மூடியதையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் இயற்கை தந்தது, காஸ் விற்கிற சாமான். இரண்டும் எப்படி ஒன்றாகும்? என் அப்பா கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். இங்கே என்னோடு படிப்பவர்கள், "உங்கட ஆக்கள் குடிக்கக்கூடத் தண்ணி தரமாட்டினம்" என்பார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு மாணவன், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

இயற்கை தந்தது மழையும் பனியும்தான். அதை மாதக்கணக்கில் பிடித்துவைத்து, கேட்ட நேரத்தில் திறந்துவிடுவது மனிதரின் வேலை. அதற்குச் செலவு உண்டு, நட்டமும் உண்டு. சண்டையே அதில்தான்.

கிர்கிஸ்தானில் நாரின் ஆற்றை மறித்துக் கட்டிய டொக்டோகுல் நீர்த்தேக்கம் 1950 கோடி கன மீற்றர் கொள்ளும். கீழே உஸ்பெக்கிஸ்தானின் பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். மேலே கிர்கிஸ்தானுக்குப் பனிக்காலத்தில் மின்சாரம் வேண்டும். சோவியத் காலத்தில் கோடையில் தண்ணீர் கீழே போனது, பனிக்காலத்தில் காஸும் நிலக்கரியும் மேலே வந்தன. 1991க்குப் பிறகு காஸுக்கு விலை வந்தது, தண்ணீருக்கு வரவில்லை. கிர்கிஸ்தானின் கடன் ஏறியது, காஸ் நின்றது. சனம் குளிரில் விறைக்க, அவர்கள் பனிக்காலத்திலேயே அணையைத் திறந்து கரண்ட் எடுத்தார்கள்.

ஆகவே அணையை மூடினார்கள் என்பது பாதிக் கதை. தண்ணீர் ஓடத்தான் செய்தது, வேண்டாத மாதத்தில். நாரின் போய்ச் சேருகிற சிர் தாரியா ஆறு உறைந்துகிடந்தது, அதைத் தாங்காமல் கரை மீறியது. அந்த வெள்ளத்தைப் பிடிக்கவென்றே கசகஸ்தான் கொக்சராய் நீர்த்தேக்கத்தைக் கட்டவேண்டி வந்தது. கோடையில் கீழே வயல்கள் காய்ந்தன.

தண்ணீரைத் தேக்கி வைப்பவருக்கு எரிபொருளாலோ காசாலோ ஈடு கொடுக்கவேண்டும் என்று 1998இல் இந்த நாடுகள் ஒப்பந்தம் எழுதின. நல்ல எழுத்து, ஆனால் நிற்கவில்லை. மழை கூடிய வருடம் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் வேண்டாம், அதனால் காஸும் அனுப்பமாட்டார். மேலே பனிக்காலம் மட்டும் தவறாமல் வரும்.

2014 ஏப்ரலில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக்கு உஸ்பெக்கிஸ்தான் காஸை நிறுத்தியது. திரும்பி வந்தது டிசம்பர் கடைசியில். எல்லையோர நகரம் அது. அங்கே உஸ்பெக் மொழி பேசுகிற குடும்பங்களும் ஏராளம். அவர்கள் வீட்டு அடுப்பும் சேர்ந்துதான் அணைந்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு 90களின் எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அம்மா திரி கொளுத்துவார். பாடம் முடிந்ததும் முதல் வேலை விளக்கை ஊதி அணைப்பது. ஒரு சொட்டு எண்ணெய்க்கு அரசியல் இருக்கிறது என்பதை நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். அதனால் சொல்கிறேன், அடுப்பெரிக்கிற பொருளை வெறும் சாமான் என்று என்னால் ஒதுக்க முடியாது.

சரி, இரணைமடுவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்குகிற மழைத்தண்ணீர்தான் எங்கள் கிணறு. கூட இறைத்தால் உப்பேறும். ஆகவே இரணைமடுவிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டதில் பிழையில்லை. ஆனால் வரட்சி வருடத்தில் சிறுபோகம், அதாவது கோடைப் பயிர், அழிந்தால் யார் ஈடு தருவார்கள் என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டார்களே, அதுதான் 1998 ஒப்பந்தத்தின் கேள்வி. அதற்கு நாங்கள் யாழ்ப்பாணத்தார் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. கேட்டவர்களைச் சுயநலக்காரர் என்று பேசினோம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள். குழாயில் தண்ணீர் வருவது சந்தோஷம். உங்கள் அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதில் மட்டும் இன்னும் சொல்லப்படாமலே கிடக்கிறது.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அவரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில், கூட்டம் கூடிச் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கும்போது, அவர் பங்குக்கு எவ்வளவு வந்தது?