கண்ணாடிக் கதவு லைடாருக்குத் தெரியாதது ஏன்?

சென்சார் தயாரிக்கும் சிக் நிறுவனத்தின் டிம் 10 கே மாணவர் போட்டிக்காக, சக்கர நாற்காலியில் லைடார் (ஒளியை அனுப்பித் தடையின் தூரத்தை அளக்கும் சென்சார்) பொருத்தியிருக்கிறீர்கள். சுவரைக் கண்டால் நிற்கிற வண்டி நூலகக் கண்ணாடிக் கதவில் மட்டும் போய் முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரலைத் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள், குற்றம் அதில் இல்லை.

சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதி கண்ணாடியைத் துளைத்துப் போய், பின்னால் இருக்கும் சுவரின் தூரத்தைக் கொண்டு வருகிறது. கற்றை நேர்குத்தாகப் படும் இடத்தில் மட்டும் ஓரிரு புள்ளிகள் திரும்பும். அதையும் உங்கள் வடிகட்டி இரைச்சல் என்று தூக்கி எறிந்திருக்கும்! சோதிக்க வேண்டுமா? சென்சார் உயரத்தில் கதவில் ஒரு செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள். வண்டி நின்றுவிடும்.

ஆனால் ஊரிலுள்ள கதவுக்கெல்லாம் தாள் ஒட்ட முடியாதே. ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் மலிவான அல்ட்ராசோனிக் சென்சார் இரண்டை முன்பக்கம் சற்றே வெவ்வேறு கோணத்தில் திருப்பி வையுங்கள். ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்பும். ஒன்று போதாது, கண்ணாடி சாய்வாக இருந்தால் ஒலியும் வேறு பக்கம் போய்விடும். இரண்டில் எது அருகில் தடை காட்டினாலும் வண்டி நிற்கட்டும்.

அப்புறம் இன்னொன்று: லைடார் 270 பாகை சுற்றிப் பார்த்தாலும் ஒரே தளத்தில்தான் பார்க்கும். முழங்கால் உயரத்தில் வைத்தால் மேசைக் கால்கள் தெரியும், மேசைப் பலகை தெரியாது. உட்கார்ந்திருப்பவர் மார்பில் இடிப்பது பலகைதான். கதவைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.