சிட்ரேட் பூசிய துகள் பிபிஎஸ்ஸில் திரள்வது பற்றி

வெறும் நீரில் படியாமல் நன்றாக நிற்கும் சிட்ரேட் பூசிய மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) நானோதுகள், டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) விட்டதும் அடியில் படிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தின்மேல் பழி போடுமுன், மருந்தேற்றாத துகளை அதே பிபிஎஸ்ஸில் விட்டுப் பாருங்கள்.

அதுவும் படிந்தால் குறை பூச்சில். சிட்ரேட் துகள்களை விலக்கி வைப்பது எதிர்மின்னூட்டம் மட்டும்தான். பிபிஎஸ்ஸின் சுமார் 150 மில்லிமோலார் உப்பு அதை மறைத்துவிடும். போதாததற்கு பாஸ்பேட்டும் இரும்பு ஆக்சைடு பரப்பில் ஒட்டிக்கொண்டு சிட்ரேட்டை இடம்பெயர்க்கும்.

மருந்தேற்றியது மட்டும் படிந்தால், டாக்ஸோரூபிசினின் நேர்மின்னூட்ட அமீன் சிட்ரேட்டைச் சமன்செய்துவிட்டது என்று பொருள். ஏற்றுமுன்னும் பின்னும் ஜீட்டா (துகள் பரப்பின் மின்னழுத்த அளவு) எடுங்கள். மைனஸ் 30 மில்லிவோல்ட் இருந்தது மைனஸ் 10 பக்கம் வந்திருந்தால் மருந்தின் அளவைப் பாதியாக்குங்கள்.

ஏற்றும் வேலையை 10 மில்லிமோலார் ஹெப்பிஸில் (உப்பு குறைந்த தாங்கல் கரைசல்), பிஎச் 7.4இல் செய்யலாம். ஆனால் செல் வளர்ப்பு ஊடகத்திலும் உப்பு உண்டு. கடைசியில் டெக்ஸ்ட்ரானோ பெக்கோ (உப்பிலும் துகள்களை விலக்கி வைக்கும் பாலிமர்கள்) பூசாமல் தப்ப முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காந்தத்தால் துகளை இழுத்தபின் மிஞ்சும் மேல்நீரை 480 நானோமீட்டர் ஒளியில் அளந்து ஏற்ற அளவு கணக்கிடுகிறீர்கள். 10 நானோமீட்டர் துகள் கைக்காந்தத்துக்கு முழுதாக வராது; மேலே தங்கியது அந்த ஒளியை விழுங்கி, ஏறாத மருந்துபோலக் காட்டும். துகளைத் தடுத்து மருந்தை மட்டும் விடும் 100 கிலோடால்டன் வடிகட்டிக் குழாயில் சுழற்றிப் பிரியுங்கள். வடிகட்டியிலும் மருந்து ஒட்டும், ஆகவே தனி மருந்துக் கரைசலையும் கூடவே ஓட்டுங்கள். வடிநீர் சிவப்பு மாறி ஊதாவானால் கரைந்த இரும்பு மருந்தோடு பிணைந்திருக்கிறது. அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள்.