வாசகர் கேள்வி-பதில்: அப்பலேச்சிய மலை ஊர்களின் பழைய ஏடுகள்

கேள்வி: அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மேட்வான் பக்கம் 1880-களில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தைத் தேடுகிறேன். மிங்கோ கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு) பத்திர ஏடுகளில் பெயரே இல்லை. ஏடுகள் எரிந்துபோயிருக்குமா?

பதில்: தீயைச் சந்தேகிக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். 1880-களில் மிங்கோ என்று ஒரு கவுண்டியே கிடையாது. 1895-இல்தான் லோகன் கவுண்டியிலிருந்து பிரித்தார்கள். கவுண்டி பிரிந்தாலும் பழைய ஏடுகள் பொதுவாகத் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். ஆகவே 1895-க்கு முந்தைய பத்திரம், உயில், திருமணப் பதிவுக்கு லோகன். பிந்தையவற்றுக்கு மிங்கோவின் தலைமையிடமான வில்லியம்சன். இன்னும் பின்னே போனால் மாநிலமே மாறும். 1863 ஜூன் 20 வரை அந்த மண் வர்ஜீனியாவைச் சேர்ந்தது. மேட்வானை ஒட்டி ஓடும் டக் ஃபோர்க் ஆறு மாநில எல்லை என்பதால், அக்கரையிலுள்ள கென்டக்கியின் பைக் கவுண்டியையும் விட்டுவிடாதீர்கள். பெண் வீடு அக்கரையில் இருந்தால் திருமணப் பதிவும் அங்கே இருக்கலாம்.

பத்திர ஏடுகளுக்கு இரண்டு பெயர் அட்டவணைகள் உண்டு: விற்றவர் வரிசை, வாங்கியவர் வரிசை. பலர் வாங்கியவர் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தகப்பன் சொத்து பிள்ளைக்கு வந்திருந்தால் அங்கே எதுவும் இருக்காது. பிள்ளை விற்றபோதுதான் பெயர் ஏறும். வாரிசுகள் சேர்ந்து விற்றிருந்தால் முதலில் கையெழுத்திட்டவரின் பெயர் மட்டுமே அட்டவணையில் இருக்கக்கூடும். எனவே அண்ணன் தம்பி, மருமகன் பெயர்களையும் தேடுங்கள்.

உண்மையாகவே எரிந்த கவுண்டிகளும் உண்டு. வர்ஜீனியாவின் புக்கானன் கவுண்டியில் 1885 தீ ஏடுகளை அழித்தது. 1977 வெள்ளம் மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கெடுத்தது. இப்படிப்பட்ட இடங்களில் கைகொடுப்பவை நிலவரி ஏடுகள். வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட அவற்றின் பிரதி மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கும் போனது. உள்ளூரில் அழிந்தாலும் அது மிஞ்சியது. ஆண்டு ஆண்டாக வரிசையாகப் படியுங்கள்: ஏக்கர் கணக்கு திடீரென்று பாதியானால் பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருக்கிறது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தோடு போய்விட்டது. 1880-க்கும் 1900-க்கும் இடையிலான பள்ளத்தை நிரப்பவும் வரி ஏடுகளே சிறந்த துணை.

கேள்வி: ஒரு நிலக்கரி முகாம் ஊர் இன்றைய வரைபடத்தில் இல்லை. எங்கே இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தபால் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். 1837 முதல் 1950 வரை போஸ்ட் மாஸ்டர்கள் நிரப்பி அனுப்பிய இட அறிக்கைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பக்கத்து ஓடை எது, ஆறு எவ்வளவு தூரம், ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று எழுதி, பலர் கையாலேயே படமும் வரைந்திருப்பார்கள். அந்த ஓடையின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய நில வரைபடங்களைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். ஊர்ப் பெயர் மாறினாலும் ஓடையின் பெயர் பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

முகாமில் குடியிருந்தவர்களைப் பத்திர ஏட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம். தொழிலாளிகள் வாடகைக்கு இருந்தவர்கள். கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் உள்ள லிஞ்ச் ஊரை 1917-இல் கட்டத் தொடங்கியது யூ.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணைக் கம்பெனி. அங்கே பத்திரங்களைக் கம்பெனிப் பெயரில்தான் தேட வேண்டும். ஆட்களின் பெயருக்குக் கணக்கெடுப்புத் தாள்களும், மாநிலச் சுரங்கத் துறையின் ஆண்டறிக்கைகளும் உதவும். மேற்கு வர்ஜீனிய அறிக்கைகளில் சுரங்கத்தில் இறந்தவர்களின் பட்டியல் பெயரோடு வரும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பெயர்களைக் கேட்டபடி எழுதினார்கள். ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தாலும் வியப்பில்லை.

கேள்வி: பத்திரத்தில் ‘வடக்கு 40 கிழக்கு, 60 போல், வெள்ளை ஓக் மரம் வரை’ என்று இருக்கிறது. எப்படிப் படிப்பது?

பதில்: வடக்கிலிருந்து 40 பாகை கிழக்கே திரும்பி 60 போல் நடக்க வேண்டும். போல் (pole) என்பது பழைய நீள அளவு. ஒரு போல் 16.5 அடி, ஆக 990 அடி. 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஒரு ஏக்கர். கட்டத் தாளில் 1 செ.மீ.-க்கு 10 போல் என்று வைத்து, பாகைமானியால் ஒவ்வொரு கோடாக வரையுங்கள். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கு அருகே வந்து சேர வேண்டும். பெரிய இடைவெளி விழுந்தால், படியெடுத்த எழுத்தர் வடக்கைத் தெற்காக மாற்றியிருப்பார், அல்லது ஒரு வரியை விட்டிருப்பார். பக்கத்து நிலத்தின் பத்திரத்தில் அதே எல்லை மறுபடி வரும். ஒப்பிட்டால் பிழை பிடிபடும். திசைகள் காந்த வடக்கை வைத்து எழுதப்பட்டவை, அது காலப்போக்கில் நகரக்கூடியது. எனவே இன்றைய வரைபடத்தின் மேல் வைக்கும்போது முழுப் படத்தையும் சில பாகை திருப்ப வேண்டியிருக்கும். எல்லை மரம் செஸ்ட்நட் என்றிருந்தால் களத்தில் தேடாதீர்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவிய பூஞ்சை நோய் அந்த மரங்களை வீழ்த்திவிட்டது. ஓடை, மலைமுகடு, பக்கத்து நிலத்தின் மூலை ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.